புனித தோமையார் அண்ட் கோ

விளம்பரக் கம்பெனிகள் தலையெடுப்பதற்கு முன்பே விளம்பரத்தில் கொடிகட்டிப் பறந்த ஊர் சாந்தோம். முதல் விளம்பரமே ஓசி. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வந்துபோன மார்க்கோ போலோ, 'சின்ன ஊர், ஜனம் குறைவு, வியாபாரிகளுக்கு இங்கே வேலையில்லை' என்று உண்மையைப் போட்டு உடைத்தார். கூடவே, இயேசுவின் சீடரான தோமையாரின் இங்குள்ள கல்லறையின் சிவந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் காய்ச்சல் ஓடிப்போகும் என்றும் எழுதிவைத்தார். சரக்கில்லாத ஊருக்கு மண்ணே சரக்கு!

போர்த்துக்கீசியர் விடுவார்களா? இங்கே குடியேறியவர்களில் பலர் கோவா அதிகாரிகளின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் பிழைக்க வந்த சிப்பாய்கள், சொந்த வியாபாரிகள். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஒரு புனிதர் அவசியம் வேண்டும். 1523இல் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புகள், ஈட்டி முனை, ஒரு சட்டி மண் கிடைத்ததாகப் பதிவு. சின்னச் சிக்கல்: அதே தோமையாரின் எலும்புகள் 1258 முதலே எங்களிடம் இருக்கின்றன என்று இத்தாலியில் ஓர்தோனா ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்மவர்கள் அசரவில்லை. அது கிளை, இதுதான் ஹெட் ஆபீஸ்!

ஊருக்குப் புதுப் போர்டும் ஏறியது: 'சாவோ தோமே தே மெலியாப்பூர்'. பழைய மயிலாப்பூர், 'தயாரிப்பிடம்' போடுகிற மாதிரி வாலில் ஒட்டிக்கொண்டது. கடலோரக் கபாலி கோயில் இடிபட்டதும் இவர்கள் காலத்தில்தான் என்பது மயிலாப்பூரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் புகார். தேவாலய வளாகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் அதற்குச் சாட்சியாக ஆஜராகும். 1606இல் போப் ஐந்தாம் பவுல் ஊரைத் தனி மறைமாவட்டமாக்க, ஐஎஸ்ஐ முத்திரையும் கிடைத்தாயிற்று.

அப்புறம் முதலாளிகள்தான் நிலைக்கவில்லை. 1662இல் கோல்கொண்டா பிடித்தது, 1672இல் பிரெஞ்சுக்காரர், இரண்டே வருஷத்தில், டச்சுக்காரர் கைகொடுக்க, மறுபடி கோல்கொண்டா. கோட்டைச் சுவரை இடித்துத் தள்ளினார்கள். 1749இல் இங்கிலீஷ்காரர் கைக்கு வந்தது. போர்டில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. ஊர் இங்கிலீஷ்காரருடையது, ஆயர் போர்த்துக்கீசியர் என்று வெகுகாலம் ஓடியது. 1896இல் எழுந்த இன்றைய வெள்ளைப் பேராலயமும் அந்தக் கூட்டணியின் தயாரிப்புதான்: கட்டுவித்தவர் போர்த்துக்கீசிய ஆயர், வரைபடம் போட்டவர் ஆங்கிலேய ராணுவ இன்ஜினியர்.

கடைசியில் 1952இல் சாந்தோம், சென்னை ஆகிய இரண்டு மறைமாவட்டங்களைச் சேர்த்தபோது போர்டு மாறியது. தோமையார் பெயரை எடுத்துவிட்டார்கள். வாலில் கிடந்த மயிலாப்பூரைத் தக்கவைத்தார்கள். இன்றைக்கும் அது சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம்தான்.