600 சதுர அடியில் இரண்டு பேர்

சென்னையில் அம்மாவும் மகளும் மட்டும் குடியிருக்க 600 சதுர அடி போதாதா? தாராளம். ஆனால் விளம்பரத்தில் வரும் 600 என்றால், மாடிப்படியிலும் லிஃப்டிலும் வாட்ச்மேன் நாற்காலி போட்டுத் தூங்கும் இடத்திலும் உங்கள் பங்கும் அதில் அடக்கம். ரெரா எனும் 2016 ரியல் எஸ்டேட் சட்டத்துக்குப் பிறகு, வீட்டுக்குள் புழங்கும் இடமான கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லியாக வேண்டும். சொல்கிறார்கள், பொடி எழுத்தில்.

பிறகு இன்டீரியர் டிசைனர் வருவார். அவருடைய 3டி படத்தில் குழந்தைக்கு ஒரே ஒரு மர ஒட்டகச்சிவிங்கிதான் சொத்து. புத்தக மூட்டை கிடையாது, துணி காயும் கொடி கிடையாது, கிரைண்டர் கிடையவே கிடையாது. கொலு பொம்மைப் பெட்டி எங்கே என்றால், "லாஃப்ட் குடுத்துடலாம் மேடம்." சுவரிலிருந்து இறங்கும் கட்டில் ஒன்று உண்டு. அதை இறக்கினால் பீரோ திறக்காது. படிப்பு மேசையை விரித்தால் கட்டில் இறங்காது. ஆக, மகள் கணக்குப் போட்டு முடிக்கும்வரை அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது. இதற்குப் பெயர் மல்டி பர்ப்பஸ்.

இரண்டு அறை இருந்தால் ஒன்று 9.5 சதுர மீட்டர், மற்றது 7.5 இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 7.5 யாருக்கு என்று சொல்லவில்லை. எட்டு வயதில் தனியாகப் படுக்கப் பயந்தவள் பதிமூன்றில் பெரிய அறையின் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஊரிலிருந்து பாட்டி வந்தால்? டிசைனர் டேப்பை எடுத்து, ஷூ ரேக்குக்கு மேலே அளந்தார்.

"பாட்டி என்ன உயரம் மேடம்?"