குளிசை போட்டால் வருத்தமா?

காலையில் மூன்று குளிசை, இரவில் இரண்டு. மாதம் ஒருக்கால் கிளினிக். வயது எழுபது. அப்படிப்பட்ட ஒருவருடைய பயணக் காப்புறுதிப் படிவத்தில் சலரோகம், உயர் குருதியமுக்கம், இருதய நோய் என்ற மூன்று கேள்விகளுக்கும் “இல்லை, இல்லை, இல்லை” என்று முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்த சூடு எனக்கு இன்னும் தணியவில்லை. அந்த ஒருவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தேடினால் அந்தக் கேள்விக்கு “ஓம்” என்று எழுதிய கை ஒன்று கிடைப்பது கஷ்டம். பிள்ளைகள் கனடாவிலிருந்து பெற்றோரைக் கூப்பிட்டு, வன்கூவரில் கப்பலேற்றி, அலாஸ்காவின் பனிமலை காட்டுகிற காலம் இது. எந்தக் காப்புறுதி நல்லது, எதைப் பார்த்து எடுக்கலாம், கப்பலுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று நாலு பேருக்கு உதவுகிற மாதிரி எழுதத்தான் நினைத்தேன். அதற்கு வருவேன். முதலில் இந்தச் சீனி விசயத்தைத் தீர்க்க வேண்டும்.

வருத்தம் என்றால் எங்கள் கணக்கில் ஆள் பாயில் விழ வேண்டும். கஞ்சி காய்ச்ச வேண்டும். பார்க்க வருகிறவர்கள் தோடம்பழமும் நெஸ்ரமோல்ட் பெட்டியும் கொண்டுவர வேண்டும். இவை நடக்காதவரை எதுவும் வருத்தமில்லை. “சீனி கொஞ்சம் இருக்கு மனே, வருத்தமெண்டு ஒண்டுமில்ல.” இந்தக் “கொஞ்சம்” மிகவும் தாராளமான அளவை. 180 என்றாலும் கொஞ்சம், 320 என்றாலும் கொஞ்சம்; காலில் புண் ஆறாமல் இரண்டு மாதம் கட்டுப் போட்டாலும் அது செருப்புக் கடித்தது. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, சட்டியிலிருந்து எருமைத் தயிரை வெட்டிப் போட்டு அதன்மேல் கித்துள் பாணியை வார்ப்பதில் முரண்பாடு ஏதுமில்லை, பாணி பாணிதானே. பிரஷர் சொந்த உடம்பில் உள்ளதல்ல, மற்றவர்கள் ஏற்றிவிடுவது; மருமகன் ஊருக்குப் போனதும் இறங்கிவிடும். கொலஸ்ட்ரோல் இந்த வயதில் எல்லாருக்கும் இருப்பது, எல்லாருக்கும் இருப்பதை எழுதுவானேன்? நெஞ்சில் கம்பி வைத்தவர்களின் தர்க்கம் எல்லாவற்றையும் விட அழகு. அடைப்பு இருந்தது, கம்பி வைத்தார்கள், அடைப்புப் போய்விட்டது, ஆகவே “இருதய நோய் உண்டா?” என்ற கேள்விக்கு நேர்மையான பதில் “இல்லை”. இதைச் சாதாரண ஆளால் மறுக்க முடியாது. காப்புறுதிக் கம்பனியின் வைத்திய அதிகாரியால் முடியும், அதுவும் ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது.

இதைச் சனத்தின் வெட்கம் என்று விளக்க முடியுமானால் நானும் கொஞ்சம் இளகுவேன். வெட்கமில்லை. கல்லாறு வரை போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் யார், எவர் என்று தெரியாது. காத்தான்குடி தாண்டுவதற்குள் அவருக்குச் சீனியின் வரலாறு தெரிந்துவிடும், ஆரையம்பதியில் பிரஷர், களுவாஞ்சிகுடியில் பித்தப்பைக் கல், கிளினிக்கில் நின்ற வரிசை, தாதியின் சிடுசிடுப்பு எல்லாம் முடிந்து இறங்கும்போது பாவக்காய்ச் சாற்றுக்குப் பக்குவமும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கலியாண வீட்டில், மரண வீட்டில், கோயில் வீதியில், வெளிநாட்டுத் தொலைபேசியில் என்று ஊருலகத்துக்கெல்லாம் ஒப்புவிக்கும் இந்த வரலாற்றை ஒரே ஒருவருக்கு மட்டும் மறைக்கிறோம். இதற்காகக் காசு தரவேண்டிய ஆள் யாரோ, அவருக்கு. பொலித்தீன் உறைக்குள் மடித்து வைத்த கிளினிக் கொப்பி ஒன்று ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் இருக்கிறது. ஓரங்கள் சுருண்டு, ஒவ்வொரு திகதிக்கும் எதிரே டொக்டரின் கிறுக்கலில் மெற்போமினும் லொசாட்டனும் ஏறி இறங்கி, உறுதிப் பத்திரத்துக்கு அடுத்ததாகப் பாதுகாக்கப்படுகிற ஆவணம் அது. படிவம் நிரப்பும் நேரத்தில் மட்டும் அதை யாரும் வெளியில் எடுப்பதில்லை.

எடுத்தால் தெரியும், கம்பனிக்காரர் பார்க்கப்போவது நோயின் பெயரை மட்டுமல்ல என்று. கனடாவில் விற்கும் வருகையாளர் காப்புறுதிகளில் “நிலையாக இருக்கும் நோய்” என்றொரு நிபந்தனை வருகிறது. பயணத்துக்கு முந்திய 90, 120 அல்லது 180 நாட்களுக்குள் நோயில் மாற்றம் இருக்கக்கூடாது. மாற்றம் என்பதில் மருந்தின் அளவு மாறியதும் அடக்கம். கூட்டினால் மட்டுமல்ல, குறைத்தாலும் பல பத்திரங்களில் மாற்றம்தான். டொக்டர் மகிழ்ந்து, “நல்லா இறங்கியிருக்கு, பாதி போடுங்க” என்று சொன்னாலே நீங்கள் நிலையற்றவர். இந்த அளவுகோலை எங்கள் வீடுகளில் வைத்துப் பாருங்கள். கலியாணச் சாப்பாட்டுக்கு முன்தினம் ஒன்றரை, விரத நாளில் அரை, வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்த வாரம் முழுவதும் பூச்சியம். டொக்டர் எழுதியது ஒன்று, போடுவது தன் புத்தி. அந்தக் கணக்கில் இந்த மாவட்டத்தில் நிலையாக இருப்பது கல்லடிப் பாலம் ஒன்றுதான்.

இத்தனைக்கும் காப்புறுதியை எடுக்காமல் விடுகிறார்களா என்றால் இல்லை. தேடித் தேடி எடுக்கிறார்கள், பெட்டிக்காக. தொலைபேசியில் கேட்கிற முதல் கேள்வி “எவ்வளவு?”, இரண்டாவது “சூட்கேஸ் துலைஞ்சா என்ன தருவான்?” மூன்றாவது கேள்வி கிடையாது. விமானத்தில் பெட்டி தொலைந்தால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் விமானக் கம்பனியே பொறுப்பு. அதன் உச்ச வரம்பு 2024 டிசெம்பர் கடைசியிலிருந்து 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள், அதாவது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். பெட்டிக்குள் இருப்பது மிளகாய்த்தூள், ஒடியல் மா, கருவாடு, சித்திக்கு ஒரு சேலை. இதற்கு எதற்கு இரண்டாவது காவல்? ஆனால் இந்தக் குணத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. எங்கள் சனத்துக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் என்றால் காசு கட்டாத கட்டில். அரசாங்க ஆஸ்பத்திரியில் நெஞ்சு திறந்து தைத்தாலும் பில் வராது. பெட்டி தொலைவதைக் கண்ணை மூடினால் காணலாம். ஒரு இரவுக்குப் பல ஆயிரம் டொலர் பில் போடும் கட்டிலைக் கண்ணைத் திறந்து வைத்தாலும் காண முடியாது.

கப்பலில் அந்தக் கட்டில் இருக்கிறது. பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒரு சிறு வைத்தியப் பிரிவும் டொக்டரும் இருப்பார்கள். பார்த்த கூலி அறைக் கணக்கில் ஏறும். பெரிய சத்திரசிகிச்சை அங்கே நடக்காது. ஆளை ஹெலிகொப்டர் தூக்க வேண்டும், அல்லது அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டுக் கப்பல் தன்பாட்டில் போகும். அலாஸ்காவில் அந்த அடுத்த துறைமுகம் ஜூனோவாக இருக்கலாம். மாநிலத்தின் தலைநகர் அது, ஆனால் வெளியிலிருந்து போகத் தரைவழியே கிடையாது. வானூர்தி, அல்லது கப்பல். நோயாளியை அங்கிருந்து சியற்றிலுக்குக் கொண்டுபோகும் விமானம் நோயாளியின் செலவில் பறக்கும். ஆஸ்பத்திரிக்கும் ஆளுக்கும் நடுவில் தண்ணீர் கிடந்தால் என்ன என்பதை யாராவது எங்களுக்குப் படிப்பிக்க வேண்டுமா? 2014 ஏப்ரிலில் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்துப் படுவான்கரைச் சனம் நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏற்றித்தான் வாவியைக் கடந்தது. குருமண்வெளியில் பாதை ஓடாத நேரத்தில் நெஞ்சு நோ வந்தவரின் வீட்டாருக்கு, கப்பல் காப்புறுதியில் பார்க்க வேண்டிய வரி எது என்று தெரியாமல் போவதுதான் எனக்கு விளங்கவில்லை. கனடா சுப்பர் விசாவுக்கு ஒரு வருடத்துக்கு ஒரு இலட்சம் கனேடிய டொலர் வைத்தியக் காப்புறுதி எடுத்தாயிற்றே என்பார்கள். அது கனடாவுக்குள் இருக்கும்போது. வன்கூவர் துறைமுகத்தை விட்டு அமெரிக்கக் கடலுக்குள் போனபின் அது கூட வருமா, எத்தனை நாள் வரும் என்பது உள்ளே எங்கோ எட்டாவது பக்கத்தில் இருக்கும்.

இந்த இடத்தில் எல்லாரும் சொல்கிற மறுப்பு ஒன்று உண்டு: “எழுதினாலும் தரமாட்டான், எழுதாவிட்டாலும் தரமாட்டான்.” இதில் உண்மை இல்லாமலில்லை. 2010 ஏப்ரிலில் ஐஸ்லாந்து எரிமலை புகைந்து ஐரோப்பிய வானத்தை மூடியபோது, சாம்பல் என்பது “மோசமான காலநிலை” ஆகாது என்று சில கம்பனிகள் கையை விரித்தன. வேறு சில கொடுத்தன. ஆனால் அந்த மறுப்புக்கு இன்னும் பழைய பதில் ஒன்று இருக்கிறது. சுமாத்திராவில் பென்கூலன் என்ற இடத்தில் ஆங்கிலேயருக்கு மால்பரோ என்றொரு கோட்டை இருந்தது. அதன் ஆளுநர் தரப்பு, கோட்டை பிறரிடம் விழுந்தால் என்று லண்டனில் காப்புறுதி எடுத்தது. 1760 இல் பிரெஞ்சுக்காரர் வந்து பிடித்தார்கள். கோட்டை பலவீனம் என்பதையும் பிரெஞ்சுக்காரர் வரக்கூடும் என்பதையும் எங்களுக்கு மறைத்துவிட்டார்கள் என்றது காப்புறுதி கொடுத்தவர் தரப்பு. 1766 இல் மான்ஸ்பீல்ட் பிரபு ஆளுநர் பக்கம் தீர்ப்பளித்தார். லண்டனில் இருந்துகொண்டே தெரிந்துகொள்ளக்கூடிய விசயத்தை மறைத்ததாகச் சொல்ல முடியாது என்பது அவர் நியாயம். அதோடு, உண்மை பேசும் கடமை இரு தரப்புக்கும் உண்டு என்றும் சொன்னார். கோட்டைக்கு அந்த நியாயம் சரி. மட்டக்களப்பில் ஒல்லாந்தர் கோட்டை எந்த நிலையில் இருக்கிறது என்பது வாவிக்கரையில் நடந்தாலே எவருக்கும் தெரியும். உங்கள் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்பது லண்டனில் இருப்பவருக்குத் தானாகத் தெரியாது. கல்லாறு பஸ்ஸில் வந்தவருக்குத்தான் தெரியும்.

கம்பனிக்காரர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. அது வேறு பக்கத்தில். பத்திரத்தின் பின்பகுதியில் எவற்றுக்கெல்லாம் தரமாட்டோம் என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டிருப்பார்கள். போர், உள்நாட்டுப் போர், கலகம், கிளர்ச்சி, படையதிகாரம், தடுத்து வைத்தல், பேர் வைத்தபின் வாங்கினால் புயல். 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்து, பிறகு முப்பது வருடம் அந்தப் பட்டியலின் மற்ற வரிகளுக்குள் குடியிருந்த ஒரு மாவட்டத்துச் சனத்திடம் இதை நீட்டி, இவையெல்லாம் வழமையாக நடப்பவை அல்ல என்கிறார்கள். எங்கள் கடலில் வெள்ளைக்காரர் தேடி வருகிற ஒரே பொருளும் இந்தப் பட்டியலில்தான் கிடக்கிறது. 1942 ஏப்ரில் 9 இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. சுழியோடுகிறவருக்குச் சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல முப்பது மீற்றரோடு நின்றுவிடும். ஹேர்மிஸுக்கும் காப்புறுதிக்கும் நடுவில் இருபது மீற்றர் தண்ணீர்.

“மாமாங்கேஸ்வரர் பார்த்துக்கொள்வார்” என்பது கடைசி மறுப்பு, இதுதான் பலமானது. நேர்த்திக்கடனையும் காப்புறுதியையும் பக்கத்தில் வைத்தால் நேர்த்திக்குத்தான் நிபந்தனைகள் நல்லது. காரியம் நடந்தபின் செலுத்தலாம். தவணை தப்பினால் பத்திரம் காலாவதியாகாது. சீனி இருக்கா என்று அவர் கேட்பதில்லை, கேட்காமலே தெரியும். ஆனால் வன்கூவர் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவுக்கு அவர் கடிதம் தரமாட்டார். இரண்டையும் எடுங்கள் என்று சொல்ல நினைத்தேன்; எல்லாரும் ஏற்கெனவே இரண்டையும் எடுத்துத்தான் இருக்கிறார்கள், ஒன்றில் மட்டும் உண்மை சொல்லி.

கப்பலுக்கு என்ன கொண்டுபோவது என்ற கேள்விக்குச் சுருக்கமாக: ரைஸ் குக்கரை விட்டுவிடுங்கள், சூடாக்கும் சாமான்களை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெட்டியையும் துறைமுகத்திலேயே வாங்கிவிடுவார்கள், அது சாயந்தரம்தான் அறைக் கதவடிக்கு வரும். ஆகவே குளிசையும் இன்சுலினும் கைப்பையில். கிளினிக் கொப்பியும் அதிலேயே. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அலாஸ்கா போக அமெரிக்க விசாவும் வேண்டும். அந்த விசாப் படிவத்தில், துணைப்படையிலோ கிளர்ச்சிக் குழுவிலோ எப்போதாவது இருந்தீர்களா, தொடர்பு இருந்ததா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் நிற்கிற நிதானத்தைப் பார்க்க வேண்டும். ரவுணில் சட்டத்தரணியைத் தேடிப் போவார்கள். பழைய கடிதங்களை அலுமாரியிலிருந்து இறக்குவார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் எந்த மாதம் எந்த ஊரில் இருந்தோம், சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோய் எத்தனை நாளில் விட்டார்கள் என்று மகளை வைத்துத் திகதி திகதியாக எழுதுவிப்பார்கள், ஒரு சொல் பிசகக்கூடாதென்று இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அது முடிந்ததும் அதே மேசையில், அதே பேனையால், காப்புறுதிப் படிவத்தை இழுத்து வைத்துச் சலரோகத்துக்கு நேரே “இல்லை”.