தண்ணீரைக் குறைக்காதீர்கள்

கேள்வி: மே மாதப் பகல் ரயிலில் அப்பாவைச் சென்னையிலிருந்து மதுரைக்கு அழைத்துப் போகிறோம். டயப்பர் கட்டும் இடமெல்லாம் வேர்த்து வெந்துபோகிறது என்கிறார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடலாமா?

பதில்: தண்ணீரைக் குறைத்தால் டயப்பர் மிச்சமாகும், அப்பா வாடிப்போவார். குறைக்க வேண்டியது ஒரே டயப்பரோடு இருக்கும் நேரத்தைத்தான். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டும், அவசரம் கூடும். கூடவே வரும் மலச்சிக்கல் கசிவை இன்னும் மோசமாக்கும். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது என்பதால், அவர் கேட்காவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இதய, சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அதுவே கணக்கு.

'டயப்பர்தான் ஈரத்தை உறிஞ்சிவிடுமே' என்பீர்கள். உள்ளிருக்கும் துகள்கள் சிறுநீரை ஜெல்லாக்கிப் பிடித்துவைக்கும், உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்ட வியர்வை தோலை ஊறவைக்கும். ஊறிய தோல் உரசினால் புண்ணாகும். ஆகவே வெளிப்புறம் துணிபோல் இருக்கும், காற்றோட்டமான ரகமாக வாங்குங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டாதீர்கள். மாற்றும்போது துடைத்து, ஈரம் உலர்ந்தபின் துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டிதட்டி உறுத்தும்.

'ஓடும் ரயிலில் அடிக்கடி மாற்ற முடியுமா?' நியாயமான கவலை. வேட்டியும் ஒட்டும் பட்டை வைத்த டயப்பரும் இருந்தால், கழிவறைக் கம்பியைப் பிடித்து நின்றபடியே, நீங்கள் உதவ, மாற்றிக்கொள்ளலாம். கூடுதலாகச் செலவாகும் இரண்டு டயப்பர், புண்ணுக்கான வைத்தியத்தைவிட மலிவு.