திறந்து பார்த்துவிட்டு பட்டனைத் தொடு

எடிசன், நியூஜெர்ஸி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உனக்கும் அத்தானுக்கும் விசா கிடைத்ததில் உங்களைவிட எனக்குத்தான் சந்தோஷம். ஆனால் டிக்கெட் போட்டாச்சு என்று சொன்னதும் நீ கேட்ட முதல் கேள்வி, "ஏல, போட்டோல உங்க அடுப்பங்கரைச் சுவத்துல கண்ணாடி போட்ட பெட்டி ஒண்ணு இருக்கே, சமைக்கிற இடத்துல எதுக்குல டிவி?" என்பது. அதற்கு வாட்ஸ்அப்பில் விலாவாரியாகப் பேசி அனுப்பினேன். பாதி கேட்கும்போதே நீ குறட்டை விட்டதாக அத்தான் சொன்னார். அதனால்தான் இந்தக் கடுதாசி. படித்துவிட்டு எடைக்குப் போடாமல் கைப்பையில் வைத்துக் கொண்டுவா. பகலில் நாங்கள் வேலைக்கும் உன் மருமகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால், வீட்டில் நீ, அத்தான், அந்தப் பெட்டி, மூன்று பேர்தான்.

அது டிவி இல்லை, ஓவன். தோசை சுடுகிற அடுப்பு தனியாக மேடையில் இருக்கிறது. அது கேஸ், உனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இது அலமாரிக்கு நடுவே இடம் விட்டு, உள்ளே தள்ளி, ஸ்குரூ போட்டு இறுக்கியது. நெஞ்சு உயரத்தில் இருக்கும். குனியாமல் சமைக்கலாம் என்று இங்கே இதைப் பெருமையாகச் சொல்வார்கள். குனியாததற்கு என்ன கொடுக்கவேண்டி இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன். வீட்டு ப்ளக்கில் எல்லாம் இங்கே 120 வோல்ட்தான் வரும். இந்தப் பெட்டிக்கு மட்டும் 240 வோல்டில் தனி ஒயர், பேஸ்மெண்டில் தனி பிரேக்கர். நம்ம ஊர் வேகத்தில் கரண்ட் குடிக்கிற ஆட்கள் இந்த வீட்டில் இரண்டே பேர்: இதுவும், துணி காயவைக்கிற மெஷினும்.

இதில் என்ன தொந்தரவு என்றால், தீ கண்ணுக்குத் தெரியாது. நீ தீயின் நிறத்தைப் பார்த்து, எண்ணெயின் சத்தத்தைக் கேட்டு, தாளிப்பின் வாசனையில் அடுப்பைக் குறைக்கிறவள். இங்கே அந்த மூன்றும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். சூடாகிற கம்பிகூட அடித்தகட்டுக்குக் கீழே ஒளிந்துகொண்டிருக்கும். வெளியே ஓர் எண் மட்டும் மினுக்கும். அதுவும் ஃபாரன்ஹீட் கணக்கு. 350 என்று பார்த்ததும் அத்தான் அலறிவிடப் போகிறார்; நம்ம கணக்கில் அது 175 டிகிரி பக்கம்தான். கேக்குக்கு அவ்வளவு வேண்டும்.

ஆகவே முதல் சட்டம்: கதவைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தொட வேண்டும். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

காலி அடுப்புக்குள் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பாய். நம் ஆட்கள் வீட்டில் அது காலியாக இருந்தால்தானே! சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் எதற்கும் ஓவன் வேண்டாம். இவ்வளவு பெரிய இடத்தைச் சும்மா விடவும் மனசு வராது. எனவே அது பரணாகிவிடும். இந்த ஊரில் எந்தத் தமிழ் வீட்டு ஓவனையும் திறந்து பார், தோசைக்கல், வடைச்சட்டி, குக்கருக்குப் பழைய மூடி, அப்பளம் வைத்த பிளாஸ்டிக் டப்பா எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கரண்ட் கம்பி வைத்த பரண் உலகத்திலேயே நம்மிடம்தான் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை பீட்சா அட்டையில் போட்டிருக்கிறபடி 425 என்று தட்டிவிட்டுப் போய் போனைப் பார்க்கும். கால் மணி நேரத்தில் அப்பள டப்பா உருகி, கம்பித்தட்டு வழியாகச் சொட்டி, வீடு முழுக்கப் புகை. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நடந்தது. அப்பளம் மட்டும் நன்றாகப் பொரிந்திருந்தது என்று அந்த வீட்டுப் பாட்டி பெருமையாகச் சொன்னார்கள்.

இன்னொன்று மாவு. ஜனவரியில் இங்கே வெளியே பனி உறைந்து கிடக்கும். இட்லி மாவை மேடையில் வைத்தால் அரைத்தபோது எப்படி இருந்ததோ காலையிலும் அப்படியே இருக்கும். அதற்கு நம் பெண்கள் கண்டுபிடித்த வழி, பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, சூட்டைப் போடாமல், உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் எரியவிடுவது. அந்த பல்பின் வெதுவெதுப்பு போதும், விடிவதற்குள் மாவு பொங்கி நிற்கும். 1879-ல் எடிசன் தன் பல்பை எரிய வைத்துக் காட்டிய மென்லோ பார்க் எங்கள் ஊர் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஊருக்கே அவர் பெயர். அந்த பல்பை இட்லிக்குப் பயன்படுத்தலாம் என்று அவருக்குச் சொல்ல அப்போது பக்கத்தில் ஒரு தமிழச்சி இல்லை. தயிரும் அதில்தான் உறைகிறது. ஒரே ஒரு நிபந்தனை: மாவு உள்ளே இருக்கிறபோது "மாவு இருக்கு" என்று ஒரு சீட்டெழுதி பட்டன்களுக்கு மேலேயே ஒட்டிவிடு. கதவில் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை. பட்டனை மறைத்தால்தான் கை நிற்கும்.

இனி குனியாத விஷயம். ஓவன் நெஞ்சு உயரத்தில் இருப்பதால், கதவைத் திறந்ததும் உள்ளே அடைந்திருந்த அனலும் ஆவியும் நேராக மூஞ்சிக்கு வரும். உனக்குக் கண்ணாடி வேறு. பனித்துவிட்டால் எதிரே தட்டு இருப்பதே தெரியாது. பக்கவாட்டில் நின்று, கதவை ஒரு விரற்கடை திறந்து, ஆவியை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் முழுசாகத் திற. கையை உள்ளே நீட்டித் துழாவாதே. கம்பித்தட்டை முன்னால் இழுத்தால் ஓரளவு வந்து தானே நிற்கும், பாத்திரத்தை அங்கிருந்து எடு. திறந்து படுத்திருக்கிற கதவின்மேல் கனமான பாத்திரத்தை இறக்கி வைக்காதே. உன் மருமகள் அதைப் பிடித்துத் தொங்கினால் ஒரு அதட்டுப் போடு. பட்டன்கள் வேலை செய்யாமல் பூட்டி வைக்கிற வசதி உண்டு, வந்ததும் காட்டுகிறேன்.

முந்தானை! இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சோற்றுப்பானையிலிருந்து காப்பிச் சட்டிவரை நீ முந்தானையால்தான் இறக்குவாய், அம்மாவும் அப்படித்தான். இங்கே அது வேண்டாம். 400 டிகிரியில் இருக்கிற தட்டு, முந்தானையை மடித்துப் பிடித்தாலும் சுடும். நைலக்ஸ் சேலை என்றால் கையோடு ஒட்டிக்கொள்ளும். இடுக்கியும் உதவாது, தட்டு அகலம். முழங்கைவரை வருகிற கனமான கையுறை இரண்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அதிலும் ஒன்று, அது காய்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியால் பிடித்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அந்த ஈரம்தான் நொடியில் ஆவியாகித் தோலை அவிக்கும். கைப்பிடி நீளமாக, துணி காயப்போட வாகாக இருக்கும். அதில் கரித்துணியைத் தொங்கவிடுகிற ஆசையை அடக்கிக்கொள்.

உள்ளே ஏதாவது பற்றிக்கொண்டால்? கதவைத் திறக்காதே. திறந்து பார்க்காமல் நமக்கு இருப்புக் கொள்ளாது என்பது தெரியும், ஆனால் திறந்தால் காற்று உள்ளே போய்த் தீ வளரும். ஆஃப் பட்டனை அழுத்து, கதவு மூடியே இருக்கட்டும், பெரும்பாலும் காற்றில்லாமல் தானே அணையும். தண்ணீர் ஊற்றவே கூடாது: எண்ணெய்த் தீ தெறிக்கும், சூடான கண்ணாடி வெடிக்கும், கரண்ட் சாமான் வேறு. அடங்கவில்லை என்று தோன்றினால் இரண்டு பேரும் வெளியே போய் 911-க்கு போன் போடுங்கள். செருப்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

சமைத்து முடித்து அணைத்த பிறகும் உள்ளேயிருந்து ஒரு "உய்ங்" சத்தம் வந்துகொண்டே இருக்கும். அது பேய் இல்லை. சுற்றியிருக்கிற மரமும் உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக்ஸும் வெந்துவிடாமல் ஒரு விசிறி ஆற்றிக்கொண்டிருக்கிறது, ஆறியதும் தானே நிற்கும். அத்தான் பேஸ்மெண்டுக்கு இறங்கி பிரேக்கரைத் தட்டிவிட வேண்டாம். படி செங்குத்து.

சுத்தம் உன் இலாகா, அதனால் கையைக் கட்டிப்போடவே எழுதுகிறேன். கம்பி நாரும் விளக்குகிற தூளும் கண்ணாடிக்கு ஆகாது. கீறல் விழுந்த கண்ணாடி என்றைக்கோ ஒருநாள் சூட்டில் பொலபொலவென்று கொட்டும். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, ஊறவிட்டு, துணியால் துடை, அதுவும் ஓவன் ஆறிய பிறகு. கதவைச் சுற்றி ஓடுகிற நெய்த பட்டையைத் தேய்க்காதே, சூட்டை உள்ளே நிறுத்துவது அதுதான். வழிந்தால் அழுக்காகாமல் இருக்கட்டும் என்று அடித்தகட்டில் அலுமினியத் தாள் விரிக்கிற யோசனை உனக்கு வரும். எல்லாருக்கும் வருகிறது. சூடு அதற்கடியில் அடைபட்டு, தாள் பீங்கான் பூச்சோடு ஒட்டிப்போகும். அப்புறம் சுரண்டினாலும் வராது.

தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிற பட்டன் ஒன்றும் இருக்கிறது. இதை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1963-ல் கொண்டுவந்தது. அழுத்தினால் கதவு தானே பூட்டிக்கொண்டு, உள்ளே 900 ஃபாரன்ஹீட் பக்கம், அதாவது 480 செல்சியஸ்வரை ஏறி, சில மணி நேரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கை எல்லாம் எரித்துச் சாம்பலாக்கும். சாம்பலை ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. கேட்க ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் கம்பித்தட்டுகளை முதலில் வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பளபளப்புப் போய்விடும். தேங்கிய எண்ணெயை முன்னாலேயே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புகைந்து அலாரம் ஊரைக் கூட்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். உன் மருமகளின் லவ் பேர்ட்ஸ் கூண்டு அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். பறவைகளின் நுரையீரல் அந்தப் புகையைத் தாங்காது. ஒட்டாத பூச்சுப் பூசிய பாத்திரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வருகிற ஆவிகூட அவற்றைக் கொன்றுவிடும். என் கருத்து, சோடாவே போதும். நீ நான்கு நாளைக்கு ஒருமுறை இதை அமுக்கிவிடுவாயோ என்றுதான் பயம்.

விசேஷத்துக்கு முந்தின நாள் அதைத் தொடவே கூடாது. நவம்பர் நான்காம் வியாழக்கிழமை இங்கே நன்றி சொல்லும் பண்டிகை. வான்கோழியை முழுசாக உள்ளே வைத்து மணிக்கணக்கில் வேக விடுவார்கள். வருஷத்திலேயே வீட்டுச் சமையலறைகளில் அதிகம் தீப்பிடிக்கிற நாள் அதுதான் என்று என்.எஃப்.பி.ஏ என்கிற தீப்பாதுகாப்புச் சங்கம் ஒவ்வொரு வருஷமும் எச்சரிக்கிறது. தெரிந்த குடும்பம் ஒன்று, விருந்தாளி வருகிறார்களே என்று முதல்நாள் ராத்திரி சுத்தப் பட்டனை அழுத்தியது. அந்தச் சூட்டில் உள்ளே ஒரு ஃப்யூஸ் போய், கதவு பூட்டியது பூட்டியபடியே நின்றுவிட்டது. மறுநாள் பத்துப் பேருக்கு எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும். நன்றி சொல்லித்தான் சாப்பிட்டார்களாம்.

உனக்குப் பிடிக்கப்போவது வேறொரு பட்டன். சப்பாத் என்று போட்டிருக்கும். யூதர்களில் ஆசாரமானவர்கள் வெள்ளி அஸ்தமனத்திலிருந்து சனி இரவுவரை தீ மூட்டக்கூடாது, விளக்குப் போடக்கூடாது. அதற்காக ஓவனே விரதம் பிடிக்கிறது. வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் தானே அணைந்துவிடுகிற பெட்டி, இந்தப் பட்டனைப் போட்டால் அணையாது. கதவைத் திறந்தாலும் விளக்கு எரியாது, கூப்பிட்டால் "பீப்" என்றுகூடச் சொல்லாது. சஷ்டிக்கு நீ மௌன விரதம் இருக்கிறபோது அத்தானுக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது உண்டே, அதேதான். தெரியாமல் அதில் கை பட்டுவிட்டால், மெஷின் செத்துவிட்டது என்று ரிப்பேர்காரரைக் கூப்பிட வேண்டாம். இங்கே அவர் வாசற்படி ஏறுவதற்கே காசு.

தூத்துக்குடி மக்ரூன் இதில் போட வருமா என்று கேட்டிருந்தாய். வரும். முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்து, முந்திரிப்பொடி சேர்த்து, நீ பிழிந்து வை. 225 பக்கம் வைத்து, சிவக்கவிடாமல் மெதுவாகக் காயவிட வேண்டும். நடுவில் திறந்து திறந்து பார்த்தால் சூடு இறங்கி மக்ரூன் பிசுபிசுத்துவிடும். பார்க்கத்தான் கண்ணாடியும் உள்ளே விளக்கும். முந்திரி இங்கேயே கிடைக்கிறது, சுமந்து வராதே. காகிதக் கூம்பு செய்ய மட்டும் எனக்கு வராது, அதை நீ வந்துதான் சுற்ற வேண்டும்.

அத்தான், இந்தப் பெட்டியில் குளிக்க வெந்நீர் போட முடியுமா என்று கேட்டாராம். முடியாது என்று சொல்லிவிடு. வெந்நீர் குழாயிலேயே வரும். அந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் தோல் உரியும் என்பதற்கு அடுத்த கடுதாசி போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி