ரவுண்டு பாக்கி

லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வெள்ளைக்காரன் கடன் வாங்குவானா என்று போனில் கேட்டீர்கள். நன்றாகவே வாங்குவான். திருப்பிக் கொடுப்பதில்தான் வேடிக்கை.

ஆபீஸ்காரர்கள் சேர்ந்து சாப்பிடப் போனால் பில்லை ஒருத்தர் கட்டிவிடுவார். "நான் தரேன், நீ உள்ளே வை" என்று கல்லா முன்னால் கைகலப்பு கிடையாது. ரோட்டுக்கு வருவதற்குள் ஸ்ப்ளிட்வைஸ் ஆப்பில் கணக்கு ஏறிவிடும்: "நீ ஒயின் குடிக்கவில்லை, உனக்கு 14 பவுண்டு 20 பென்ஸ்." 2008-லிருந்து இங்கே வங்கிவிட்டு வங்கிக்குப் பணம் நொடியில் போகிறது. அதனால் "நாளைக்குத் தரேன்" என்ற நம் அருமையான வசனம் செல்லாது.

பப் மட்டும் வேறு. அங்கே எழுத்துக் கணக்கே இல்லை. ஐந்து பேர் போனால் ஒருத்தர் ஐந்து பேருக்கும் வாங்கி வருவார். அடுத்த ரவுண்டு இன்னொருத்தர். நம் மொய் மாதிரிதான், நோட்டு மட்டும் கிடையாது. தன் முறை வரும் நேரம் பார்த்து எவன் பாத்ரூம் போனான் என்பது எல்லோருக்கும் வருஷக்கணக்கில் ஞாபகம் இருக்கும். நான் ஆரஞ்சு ஜூஸ்தான் குடிக்கிறேன் (சித்தியிடம் அழுத்திச் சொல்லவும்). ஆனாலும் என் முறைக்கு நாலு பேருக்கு பீர் வாங்கித்தான் ஆக வேண்டும். லாப நஷ்டம் பார்த்தால் மரியாதை போய்விடும்.

அரசாங்கத்துக்கு இந்த ரோஷமெல்லாம் இல்லை. போர் முடிந்ததும் 1946-ல் அமெரிக்காவிடம் வாங்கிய கடனை 2006 டிசம்பர் கடைசியில்தான் அடைத்தார்கள். நடுவில் ஆறு வருஷத் தவணையைத் தள்ளிப்போட்டது வேறு. நீங்களாக இருந்தால் இப்படிப்பட்ட ஆளை உங்கள் கடைப்படி ஏற விட்டிருப்பீர்களா?

ஜனங்களும் பெரிய கடன் என்றால் அப்படித்தான். என் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குப் படிப்புக் கடன் நாற்பதாயிரம் பவுண்டுக்கு மேல். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 30 வருஷத்தில் அடையாவிட்டால் மீதி தள்ளுபடி. 2023 ஆகஸ்டிலிருந்து சேருகிற பிள்ளைகளுக்குத்தான் அதை 40 வருஷமாக நீட்டிவிட்டார்கள், பாவம்.

"முழுசா அடைச்சிடுவியா?" என்றேன்.

"எதுக்கு?" என்று சிரித்தாள்.

அன்று சாயங்காலமே, முந்தின நாள் எனக்கு வாங்கித் தந்த காபிக்கு 3 பவுண்டு 40 பென்ஸ் கேட்டு போனில் ரிமைண்டர் வந்தது. கூடவே ஒரு ஸ்மைலி.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்