சொந்தத் தொழில்: ஒரு மெஷின், ஒரு கைலி, கொஞ்சம் கயிறு

மரம் வெட்டுவதைச் சொந்தத் தொழிலாக எடுத்துக்கொள்ளத் துணிந்துவிட்டீர்கள். வாழ்த்துகள். உங்களுக்கு மேலே மேலாளர் என்று யாரும் இருக்கமாட்டார், கிளைகள்தான் இருக்கும். வருகைப் பதிவேடு கிடையாது. ஓய்வு பெறும் வயதை அரசாங்கம் தீர்மானிக்காது, உங்கள் முழங்கால் தீர்மானிக்கும். சென்னையிலும் அதைச் சுற்றியும் இந்தத் தொழில் எப்படி நடக்கிறதோ அதையொட்டி, தொடங்குகிறவருக்குச் சில யோசனைகள்.

முதலில் விளம்பரம். தகர போர்டில் ‘மரம் வெட்டித் தரப்படும்’ என்று எழுதி, கீழே கைப்பேசி எண்ணைப் போட்டு, நல்ல அகலமான தூங்குமூஞ்சி மரமாகப் பார்த்து நாலு ஆணி அடித்து மாட்டுங்கள். மரத்தைப் பற்றிய உங்கள் அபிப்பிராயம் வாடிக்கையாளருக்கு அப்போதே புரிந்துவிடும். மரத்தில் ஆணி அடித்தால் அபராதம் என்று மாநகராட்சி எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்க முடியாதபடி மரத்தையெல்லாம் டியூஷன் சென்டர் போர்டு மறைத்துக்கொண்டிருப்பதால் நீங்கள் பயப்பட வேண்டாம்.

அடுத்து மெஷின், அதாவது செயின் ரம்பம். கையில் இருக்கும் காசு முழுவதையும் இதில்தான் போட வேண்டும் என்பது தொழிலில் எழுதப்படாத விதி. ஆன்லைனில் 58 சிசி, 22 அங்குல பார் என்று ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வரும். கம்பெனி மெஷின் கேட்கும் விலையில் இதைப்போல மூன்று வாங்கலாம், உதிரி பாகத்துக்காக மூன்றும் தேவைப்படும். வேலையில் பாதி முருங்கையும் கறிவேப்பிலையும் கொய்யாவும்தான், அதற்கு 14 அங்குலம் தாராளம் என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். மெஷின் பெரிதாக இருந்தால் கூலி பெரிதாகக் கேட்கலாம். ஆறேழு கிலோ எடையை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாங்கிளையைக் கட்டிப்பிடித்தபடி வெட்டும்போது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்கு ஆகும்.

செயின் ஓடும் தகடான பாரின் மூக்கு என்று ஓர் இடம் உண்டு. செயின் வளைந்து திரும்பும் முனை, அதன் மேல்பாதி. ஓடுகிற செயினோடு அந்த இடம் எதிரே இருக்கும் இன்னொரு கொப்பைத் தொட்டால், மொத்த மெஷினும் மேலே எகிறி உங்கள் முகத்தை நோக்கி வரும். முழு வேகத்தில் செயின் நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடுகிறது. நீங்கள் ‘ஐயோ’ என்பதில் ‘ஐ’ சொல்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். இதைத் தடுக்கத்தான் முன் கைப்பிடிக்கு எதிரே பிளாஸ்டிக்கில் ஒரு மறைப்பு வைத்திருக்கிறார்கள். கை முன்னே சரிந்து அதில் பட்டதும் பிரேக் விழும். ஆனால் இரண்டு கையாலும் பிடித்திருந்தால்தான் அது படும். ஒற்றைக் கை வீரர்களைப் பற்றி அதைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை.

எண்ணெய் விஷயம் சுலபம். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லியோ 40 மில்லியோ, மெஷினோடு வந்த காகிதத்தில் இருக்கும். அந்தக் காகிதத்தை முதல் நாளே வடை மடிக்கக் கொடுத்துவிட்டதால் நீங்கள் கண்ணளவில் ஊற்றுவீர்கள். குறைந்தால் பிஸ்டன் இறுகிப்போகும், கூடினால் தெருவே கொசு மருந்து அடித்ததாக நினைத்துக்கொள்ளும். செயினுக்கு விடும் எண்ணெயை பைக் மெக்கானிக்கிடம் கேட்டால் வேஸ்ட் ஆயிலாகவே தருவார்.

செயினைத் தீட்டுவதைப் பற்றி மட்டும் கேலி இல்லாமல் ஒரு வார்த்தை. செயின் வெட்டுகிறதா, தேய்க்கிறதா என்பதை மரத்தூள் சொல்லிவிடும். சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மையாக இருக்கிறது. மாவாகப் பறந்தால் மழுங்கிவிட்டது, நீங்கள் அழுத்துகிற அழுத்தில்தான் வேலை நடக்கிறது. அப்படி அழுத்தும்போதுதான் மெஷின் வழுக்கும். உருட்டு அரத்தைப் பல்லின் உள்வளைவில் வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். இழுக்கும்போது அரம் பல்லில் படக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். ஒரு பக்கத்துக்கு ஐந்து, மறுபக்கத்துக்கு இரண்டு என்று தீட்டினால் வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும். இரும்பு ஆணியில் பட்டால் தீட்டியதெல்லாம் வீண். எந்த ஆணி என்று கேட்கிறீர்களா? போன மாதம் நீங்கள் போர்டு மாட்ட அடித்ததுதான்.

உடைக்கு வருவோம். மேல்நாடுகளில் இந்தத் தொழிலுக்கென்றே கால்சட்டை இருக்கிறது. அதன் உள்ளடுக்கில் நீளநீளமான இழைகள். செயின் துணியைக் கிழித்த உடனே இழைகள் உருவிக்கொண்டு போய்ப் பற்சக்கரத்தில் சுற்றி, மெஷினை அப்படியே நிறுத்திவிடும். கால் தப்பும், கால்சட்டைதான் போகும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் மயங்கி விழுவோம் என்பது நம் தரப்பு வாதம். வாதத்தில் நியாயமும் இருக்கிறது. எனவே மடித்துக் கட்டிய கைலி. காற்றோட்டமானது, வியர்வை துடைக்கலாம், காயம் பட்டால் கிழித்துக் கட்டலாம். தலைக்குக் கட்டட வேலைக்காரர்களின் மஞ்சள் தொப்பி. தாடைப்பட்டை இல்லாததால், கிளை வருகிறதா என்று நீங்கள் அண்ணாந்து பார்க்கும் சரியான தருணத்தில் அது கழன்று பின்னால் விழும். காதுக்குப் பஞ்சு போதும். சில வருடங்களில் அதுவும் தேவைப்படாது.

மெஷினுக்குச் செலவழித்த பிறகு மிச்சம் இருந்தால் கயிறு வாங்குங்கள். நம் ஊர்க் கடையில் கயிறு கிலோ கணக்கில் வரும், எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பளபளப்பாக, விலை மலிவாக, மஞ்சளும் நீலமுமாக இருப்பதை எடுங்கள். அது வெயிலில் கிடந்தால் நொறுங்கத் தொடங்கும். கிளையை இறக்கும்போது உராய்வில் சூடேறி இளகும். ஆனால் வாங்கிய அன்று அழகாக இருக்கும். கிளையைக் கட்டி இறக்குவதற்கும் உங்களைக் கட்டிக்கொள்வதற்கும் ஒரே கயிறு போதும் என்பது சிக்கன நோக்கில் மிகச் சரி. போன வாரம் நூறு கிலோ கிளை நாலடி கீழே விழுந்து வெடுக்கென்று நின்ற கயிறு அது. அப்படி நிற்கும்போது கயிற்றில் ஏறும் பாரம் நூறு கிலோவாக இருக்காது, பல மடங்காக இருக்கும். உள்ளே எத்தனை இழை அறுந்தது என்று வெளியே தெரியாது. இன்று அதில் நீங்கள்.

பனையேறிகளைப் பாருங்கள். காலில் மாட்டும் தளைநார், அரிவாள் பெட்டி என்று அவர்கள் எடுத்துப்போவது ஒரு கைச்சுமைகூட இல்லை. ஆனாலும் ஏறுவதற்கு முன் தளைநாரை இழுத்துப் பார்க்காமல் அடிமரத்தில் கால் வைக்கமாட்டார்கள். தென்னைக்குக் கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரிக்காரர் ஒருவர் செய்த ஏறும் கருவி இருக்கிறது, இரண்டு காலுக்கும் இரண்டு சட்டம், மரத்தைச் சுற்றி இறுக்கும் கம்பிவடம். படியேறுகிற மாதிரி ஏறலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் இதற்குப் பயிற்சியும் கொடுத்துவருகிறது, ஏறுகிறவர்களுக்கு விபத்துக் காப்பீடும் உண்டு. வாங்கி வந்து வீட்டுக்காரரின் மாமரத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, உபயோகமில்லை என்று பரணில் போட்டுவிடுங்கள்.

இனி வாடிக்கையாளர். மரத்தைவிட இவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

“மரத்தை நீயே எடுத்துக்கப்பா, அப்புறம் கூலி எதுக்கு?” என்றுதான் பேச்சு தொடங்கும். வீட்டுக்காரர் மனதில் அது தேக்கு. உண்மையில் அது முருங்கை, அடுப்புக்குக்கூட லாயக்கில்லை. தென்னையாக இருந்தால் இன்னும் மோசம். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டபோது, மரத்தை அப்புறப்படுத்தக் காசு கொடுக்க வேண்டிய நிலைக்கு விவசாயிகள் வந்தார்கள். குட்டியானை வாடகை, சூளைக்காரர் கொடுக்கும் விலை, இரண்டு கையாட்களின் சம்பளம், டீ, பரோட்டா எல்லாவற்றையும் வாசலிலேயே கூட்டிக் கழித்துச் சொல்லுங்கள். “சரி, ஐந்நூறு சேர்த்து வாங்கிக்கோ. மாடியில இருக்கிற பழைய கட்டிலையும் இறக்கி வெச்சுடு” என்பார்.

வேப்பமரமாக இருந்தால் முதலில் அடிமரத்தைச் சுற்றி வாருங்கள். மஞ்சள் துணியும் குங்குமமும் இருந்தால் அந்த வீட்டில் ஒப்புதல் தர வேண்டியவர் இன்னொருவரும் இருக்கிறார். எலுமிச்சை, சூடம், ஒரு தேங்காய். செவ்வாய், வெள்ளி வேண்டாம். இதைச் செலவுக் கணக்கில் எழுத மறக்காதீர்கள்.

அரசாங்க அனுமதி தனி. வாசலில் நிற்கும் மரம் தன்னுடையது என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். தெருவில் இருந்தால் அது மாநகராட்சியுடையது, பொது இடத்து மரத்துக்கு மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சந்தனமாக இருந்தால் சொந்தப் பட்டாவில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடாதீர்கள். போலீஸ் வந்தால் வீட்டுக்காரர் உள்ளே பூஜையில் இருப்பார்.

தொழில் நிலைக்க ஒரு ரகசியம்: மொட்டையடியுங்கள். “காத்துக்கு விழுந்துடும்னு பயமா இருக்கு, நல்லா கழிச்சு விட்டுடுப்பா” என்றால் ஓர் இலை விடாமல் கழித்துவிடுங்கள். அடுத்த மழைக்குள் வெட்டிய இடமெல்லாம் கொத்துக்கொத்தாகத் தளிர்க்கும். அந்தக் கிளைகள் மரத்தின் உள்ளிருந்து வராமல் பட்டைக்கடியில் ஒட்டிக்கொண்டு நிற்பதால், வளர்ந்ததும் முன்பைவிடச் சீக்கிரம் முறியும். மறுபடி உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஏராளமான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, சுற்றிச் சுவரெழுப்பி அடைக்கிறது என்று சொன்னார். கிளை தொடங்கும் இடத்தில் ஒரு தடித்த வளையம் இருக்கும், அதை வெட்டாமல் அதற்கு வெளியே வெட்டினால் சுவர் சீக்கிரம் எழும்பும். முதலில் கிளைக்கு அடியில் கொஞ்சம் வெட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து வெட்டு, கடைசியில் மிச்சக் குச்சியை வளையத்துக்கு வெளியே எடுப்பது. அப்போதுதான் கிளை விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகாது. வெட்டிய இடத்தில் பெயின்ட், தார், சாணி எதுவும் வேண்டாம். இப்படியே செய்துவந்தால் அந்த வீட்டில் பல வருடங்களுக்கு உங்களுக்கு வேலை இருக்காது. யோசித்துக்கொள்ளுங்கள்.

சீசன் ஐப்பசி, கார்த்திகை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்துப் போன மறுநாள் கோடாரி வைத்திருந்தவரெல்லாம் தொழிலதிபர். சாய்ந்து கிடக்கும் மரம் நிற்கிற மரத்தைவிட ஆபத்தானது. எந்தக் கொப்பு வில்லாக வளைந்து பாரம் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் வெட்டினால் அது நிமிர்ந்து அடிக்கும். சில சமயம் வேரோடு சேர்ந்த அடிமரமே எழுந்து நின்றுவிடும்.

மின்கம்பி பக்கத்தில் ஓடினால் பிளாஸ்டிக் செருப்பு போட்டிருக்கிறோமே என்று தைரியம் கொள்ளலாம். பச்சை மட்டை கம்பியில் சரிந்தால் மட்டையைப் பிடித்திருப்பவர் வழியாகத்தான் மின்சாரம் மண்ணுக்கு இறங்கும். செருப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் மரத்தில் ஏறப்போவதில்லை, ஏறச் சொல்லப்போகிறவர்கள் என்று தெரியும். உங்களுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஆள் வந்ததும் மெஷினைப் பார்க்காதீர்கள், கயிற்றைக் காட்டச் சொல்லுங்கள். ஏறுவதற்கு ஒன்று, இறக்குவதற்கு ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். காரை முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுங்கள். கம்பியை ஆஃப் செய்ய மின்வாரியத்துக்கு முந்தின நாளே நீங்கள் சொல்லுங்கள். மரம் வெட்ட வருகிறவர் சொன்னால் லைன்மேன் வரமாட்டார், மின் இணைப்பு உங்கள் பெயரில்தான் இருக்கிறது.