இரண்டடித் தயக்கம்

கேள்வி: பழைய பிரெஞ்சுக் கதைகளில் வரும் குதிரை வீரர்கள் காதலிக்காக எதையும் செய்வார்களாமே?

பதில்: செய்வார்கள். செய்துவிட்டுத் திட்டும் வாங்குவார்கள். 1180 வாக்கில் கிரெத்தியான் த த்ருவா எழுதிய லான்ஸ்லாட் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்தர் மன்னரின் கடத்தப்பட்ட மனைவி கினிவியரைத் தேடிப் போகிறவனுக்குக் குதிரை இல்லை. கிடைத்ததோ குற்றவாளிகளை ஊரறிய ஏற்றிப்போகும் வண்டி. ஏறினால் மானம் போச்சு. இரண்டே அடி தயங்கிவிட்டு ஏறிவிடுகிறான்.

வழியில் அரசியின் சீப்பு கிடைக்கிறது. சீப்பை உடன்வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அதில் சிக்கிய முடியை மட்டும் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்கிறான். (நம் வீடுகளில் சீப்பில் முடி இருந்தால் நடப்பதே வேறு!) பிறகு, பாலமாகக் கிடக்கும் வாள்மேல் கைகால் கிழியத் தவழ்ந்து போய் அரசிமுன் நின்றால், அம்மணி முகம் கொடுத்தே பேசவில்லை. வண்டியில் ஏறியதற்காகவா? இல்லை, அந்த இரண்டடித் தயக்கத்துக்காக!

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் ஷாம்பெய்ன் சீமாட்டி மரி. கிரெத்தியானோ கதையை முடிக்காமல், கடைசிப் பகுதியைக் கோத்ஃப்ருவா என்பவர் தலையில் கட்டிவிட்டார். இரண்டடிக்கு மேலேயே தயங்கியிருக்கிறார் மனுஷன்.